அச்சேறாத யாப்புக்கு ஒரு பரிசு இல்லையா?

வெள்ளாற்றின் மேல் ஓர் அந்தாதி, 100 பாட்டு, கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஓர் எழுத்து கூடினாலும் பாட்டு விழுந்துவிடும். கரும்புக்கு வெட்டு உத்தரவு வராதா என்று காத்துக் கிடந்த இரவுகளில் எழுதியது. தளை தட்டிய இடத்தை விடியவிடியச் சரிசெய்தது. சேத்தியாத்தோப்பில் என் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கிறது.

பரிசுக்கு அனுப்பினால் "அச்சிட்ட நூல்தான் வேண்டும்" என்று திருப்பிவிடுகிறார்கள். அச்சிடப் போனால், "மரபு விற்காது ஐயா, செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் போடலாம்" என்கிறார் பதிப்பகத்தார். கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவன் கவிதைக்கும் கடன் வாங்க வேண்டுமா? கையில் காசு உள்ளவன் தளை தெரியாமல் எழுதினாலும் நூலாசிரியன் ஆகிறான், போட்டியில் நிற்கிறான். என் பாட்டை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தோற்றிருந்தால் பொறுத்திருப்பேன். படிக்காமலே தள்ளுவதைத்தான் நெஞ்சு பொறுக்கவில்லை.

தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசில் மரபுக்கவிதை தனி வகைப்பாடாக இருக்கிறது. அந்த அளவில் அரசை வணங்குகிறேன். ஆனால் அதுவும் அச்சேறிய நூலுக்குத்தான். எளியவர் நூல் வெளியிட நிதியுதவியும் உண்டு. அது கைதூக்கி விடும் உதவி. நான் கேட்பது பாட்டின் தரத்துக்கு ஒரு தீர்ப்பு.

சாகித்திய அகாதெமி பாரதிதாசனுக்கு விருது கொடுத்தது 'பிசிராந்தையார்' என்ற நாடகத்துக்கு. கண்ணதாசனுக்கு 1980-இல் கொடுத்தது 'சேரமான் காதலி' என்ற புதினத்துக்கு. எண்சீர் விருத்தத்தைத் தமிழன் வாயில் ஏற்றிய இருவருக்கே இந்தக் கதி! புதுக்கவிதைமேல் எனக்குப் பகை இல்லை. 1959-இல் செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் வந்ததும், 1971-இல் 'வானம்பாடி' இதழ் பறந்ததும் தமிழுக்கு நல்லவையே. புதிய பந்தியில் இலை போட்டதற்காகப் பழைய பந்தியில் இருந்தவனை எழுப்பி வெளியே அனுப்பலாமா?

வள்ளலாரின் வடலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். தொழுவூர் வேலாயுதனாரும் இறுக்கம் இரத்தினமும் விடாமல் மன்றாடியிராவிட்டால் வள்ளலார் பாடல்கள் 1867-இல் அச்சேறியிருக்குமா? அவர் 1874-இல் மறைந்து 11 ஆண்டு கழிந்த பிறகே, 1885-இல், ஆறாம் திருமுறை வெளிவந்தது. பாரதி 1921-இல் போய்ச் சேர்ந்தான். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் 1924-இல் வந்தது. அச்சைக் காணாதிருந்த அத்தனை ஆண்டும் அவை கவிதையாக இல்லாமலா போயின? நான் வள்ளலாரும் அல்லேன், பாரதியும் அல்லேன். ஆனால் எனக்காக மன்றாடவும் ஆள் இல்லை.

அமெரிக்காவில் 'நியூ கிரைட்டீரியன்' என்ற இதழ் 2000 முதல், வடிவம் பேணும் கவிதைத் தொகுப்புகளைக் கையெழுத்துப் படியாகவே வாங்கிப் பரிசளிக்கிறது. வென்றதை நூலாகவும் கொண்டுவருகிறது. தொல்காப்பியத்திலேயே செய்யுளுக்கு ஓர் இயல் வகுத்த மொழிக்கு இது முடியாத காரியமா?

தமிழ் வளர்ச்சித் துறையைக் கேட்கிறேன். பக்கத்துச் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறேன். எங்கள் மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுக்கும், புத்தகக் கண்காட்சியும் நடத்தும் நெய்வேலி நிறுவனத்தைக் கேட்கிறேன். அச்சேறாத மரபுக்கவிதைத் தொகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வையுங்கள். பெயரை மறைத்துவிட்டு, யாப்பறிந்த மூவரிடம் படிகளைக் கொடுங்கள். பிழை இருந்தால் பிழை என்று எழுதித் தரட்டும்; தேறியதை நீங்கள் அச்சிடுங்கள். ஊருக்கு ஊர் படிகள் பெட்டிக்குள் கிடக்கின்றன, ஐயா. அறிவிப்பை வெளியிடுங்கள், அனுப்பி வைக்கிறோம்.