உழவில் கிடைத்த காசுக்கு என்ன விலை?

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள வயலில் உழும்போதோ, பெரம்பலூர்ப் பக்கம் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு கிடைத்தால், அதைக் கலெக்டரிடம் ஒப்படைக்க யாருக்கு மனம் வரும்? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் அரசு அதை எடுத்துக்கொண்டால் தருவது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். நாலு கிராம் அளவிலான ராஜராஜன் செப்புக்காசுக்கு அந்தக் கணக்கில் ஒரு டீக்குக்கூடக் காசு தேறாது. சேகரிப்பாளரோ பல மடங்கு கொடுப்பார். நேர்மையாக நடப்பவனுக்கு நஷ்டம் என்று சட்டமே எழுதிவைத்திருப்பது அநியாயம்.

காசு கைமாறும்போது, அது கிடந்த இடம் பற்றிய செய்தி அழிகிறது. ‘ஸ்ரீராஜராஜ’ என்ற நாகரி எழுத்தைக் காசே காட்டிவிடும். ஆனால் சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டுச் செங்கல் சுவரை ஒட்டிக் கிடந்ததா, குக்கிராமத்து வயலில் கிடந்ததா, ஒற்றைக் காசா, பானை நிறையவா என்பதை வைத்துத்தான் பணப்புழக்கம் எதுவரை எட்டியது, பானை எப்போது புதைந்தது என்று சொல்ல முடியும். பானையைப் பிரித்து விற்றால் அந்தச் சான்று போயிற்று. நல்ல சேகரிப்பாளருக்கும் இது இழப்பே.

அரசு தரும் விலையைக் கூட்டினால் ஊரெல்லாம் குழி தோண்டுவார்களே என்பார்கள். நியாயமான அச்சம். மண்ணில் கிடைத்த பழங்காசை 17ஆம் நூற்றாண்டிலிருந்தே விலை கொடுத்து வாங்கிவரும் சுவீடன் இதற்கு வழி கண்டிருக்கிறது. அங்கே வெள்ளிக்காசுக்கு உலோக மதிப்பும் எட்டில் ஒரு பங்கும் குறைந்தபட்ச விலை மட்டுமே. தகுதிக்கேற்ப வெகுமதி தனி. அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியோடு திரிவதும் குற்றம். நாமும் தற்செயலாகக் கண்டெடுத்து, இடத்தைக் கலைக்காமல் உடனே சொன்னவருக்கு மட்டும் வரலாற்று மதிப்புக்கேற்ற விலை தரலாம். தேடித் தோண்டியவருக்கு எதுவும் தரக்கூடாது. கிராம நிர்வாக அலுவலர் சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, அங்கேயே ரசீது கொடுக்க வேண்டும். செலவு பெரிதாகாது, எல்லாக் காசையும் அரசு வாங்க வேண்டியதில்லை, பதிவுசெய்த பின் பலவற்றைக் கண்டெடுத்தவரிடமே விட்டுவிடலாம். தில்லியை எதிர்பார்த்து இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை: அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் புதையல் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது.