எறும்பாய் நடக்கும் சிலந்தியும் நாம் சூட்டும் பெயரும்

திருக்குர்ஆனில் எறும்பின் பெயரைத் தாங்கிய அத்தியாயம் ஒன்று உண்டு. சிலந்தியின் பெயரைத் தாங்கிய அத்தியாயமும் ஒன்று உண்டு. அந்நம்ல் 27ஆவது, அல்அன்கபூத் 29ஆவது. முன்னதில், ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை இருப்பிடங்களுக்குள் சென்றுவிடுமாறு எச்சரிக்கிறது. பின்னதில், அல்லாஹ்வை விட்டுவிட்டு வேறு பாதுகாவலர்களைத் தேடிக்கொண்டோரின் நிலைக்குச் சிலந்தியின் பலவீனமான வீடு உவமையாகக் கூறப்படுகிறது. எறும்பும் சிலந்தியும் ஒரே உடலில் கூடியதோ என்று எண்ணத் தோன்றும் ஒரு சிற்றுயிரை அல்லாஹ் படைத்திருக்கிறான். அதைக் குறித்துச் சிந்திக்கும்போது, நம் சமுதாயத்தில் நாம் மிக எளிதாகப் பயன்படுத்தும் ஒரு கடுஞ்சொல்லைப் பற்றியும் சிந்திக்க வேண்டியதாகிறது.

மாமரங்களில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்புகளை நாம் அறிவோம். முசுறு என்றும் முசிறு என்றும் ஊருக்கு ஊர் அவற்றை அழைப்பர். மாங்காய் பறிக்க ஏறியவர்கள் அவற்றின் கடியை மறக்கமாட்டார்கள். கடித்த இடத்தில் எரியும் அமிலத்தையும் அவை பீய்ச்சும். பறவைகளும் குளவிகளும் பிற பூச்சிகளும் இந்த எறும்பைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிச் செல்கின்றன. அந்த எறும்புகள் ஊரும் கிளைகளிலேயே, அவற்றைப் போலவே செந்நிறமும் மெல்லிய உடலும் கொண்ட தாவும் சிலந்தி ஒன்று வாழ்கிறது. அறிவியலார் அதனை மிர்மபிளாட்டா பிளாட்டலியோய்ட்ஸ் என்று அழைக்கின்றனர். ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1869இல் இலங்கையிலிருந்து கிடைத்த சிலந்தியைக் கொண்டே இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தார். தமிழகத்திலும் இது காணப்படுகிறது.

சிலந்திக்கு உடல் இரு பகுதி; எறும்புக்கோ தலை, மார்பு, வயிறு என மூன்று. இந்தச் சிலந்தியின் முன்பகுதி நடுவில் இடுங்கி, தலையும் மார்பும் தனித்தனியே இருப்பதாகத் தோற்றம் தருகிறது. தலையின் இரு புறமும் எறும்பின் கண்களைப் போன்ற கரும்புள்ளிகள் உள்ளன. சிலந்திக்குக் கால்கள் எட்டு, எறும்புக்கு ஆறு. சிலந்திக்கு உணர்கொம்புகளும் கிடையா. இவ்விரு குறைகளையும் முன்னங்கால்கள் தீர்த்துவைக்கின்றன. அவற்றை உயர்த்தி அசைக்கும்போது உணர்கொம்புகளாகவே தெரிகின்றன. இதன் உறவினமான மற்றோர் எறும்புச் சிலந்தியை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதிவேக ஒளிப்படக் கருவிகளால் படம்பிடித்து, 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அது எட்டுக் கால்களாலும்தான் நடக்கிறது. ஆனால் நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் நின்று, முன்னங்கால்களை உயர்த்திக் காட்டிவிட்டு மீண்டும் நடக்கிறது. வாசனைத் தடத்தைப் பின்பற்றும் எறும்பைப் போல வளைந்து வளைந்தும் செல்கிறது. வடிவம் மட்டுமின்றி நடையும் அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இதனைக் கேட்டவுடன் நம்மில் பலரின் நாவில் ஒரு சொல் வந்துவிடும்: முனாஃபிக். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆகவே இது நயவஞ்சகத்திற்குப் பொருத்தமான உவமை என்று பயானுக்குக் குறிப்பெடுக்கவும் தோன்றும். இந்த அவசரத்தைத்தான் நாம் மறுக்கிறோம்.

அந்தச் சிலந்தி தன் உருவத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கக் கட்டளைகளுக்குப் பொறுப்பாகும் நிலை, அதாவது தக்லீஃப், மனிதர்களுக்கும் ஜின்களுக்கும் உரியது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அவற்றை நம் வசைச் சொற்களுக்குப் பொருளாக்குவது அந்த வசனம் கற்பிக்கும் கண்ணியத்திற்கு உகந்ததன்று. மேலும், இந்தச் சிலந்தி எறும்புகளை ஏமாற்றி அவற்றை வேட்டையாடுவதில்லை. அவற்றின் அருகில் வாழ்ந்தாலும் அவற்றுடன் உரசாமல் விலகியே செல்கிறது. தன்னை உண்ணவரும் உயிர்களின் கண்களிலிருந்து தப்புவதே அதன் வேடத்தின் பயன். அது அஞ்சி வாழும் ஓர் எளிய உயிர்.

அதே முசுறு எறும்பின் வேடத்தில் வேறு சிலந்திகளும் உண்டு. அமிசியா ஃபோர்டிசெப்ஸ் என்னும் நண்டுச் சிலந்தி நம் நாட்டிலும் காணப்படுகிறது. அதன் பின்புறத்தில் உள்ள இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களாகத் தோன்றுகின்றன. இந்தச் சிலந்தி எறும்புகளின் அருகில் காத்திருந்து, அந்த எறும்புகளையே பிடித்து உண்கிறது. ஆஸ்திரேலியாவில் காஸ்மோஃபாசிஸ் பைட்டேனியேட்டா என்ற தாவும் சிலந்தி ஒன்று இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எறும்புகள் ஒன்றையொன்று கண்ணால் அடையாளம் காண்பதைவிட உடலின் வாசனையால் அடையாளம் காண்பதே அதிகம். இந்தச் சிலந்தி எறும்புக் குஞ்சுகளைத் தின்று, அவற்றிலிருந்தே கூட்டத்தின் வாசனையைத் தன் உடலில் பெற்றுக்கொள்கிறது. பின்னர் அதே எறும்புகள் சுமந்து செல்லும் குஞ்சுகளை அவற்றின் வாயிலிருந்தே பறித்துக்கொள்கிறது.

ஒன்று உயிர் பிழைக்க எறும்பாய்த் தோன்றுகிறது. ஏனைய இரண்டும் எறும்பையும் அதன் குஞ்சையும் தின்ன எறும்புக் கூட்டத்தில் ஒன்றாகக் கலக்கின்றன. விலங்குகளில் இவற்றுக்குப் பாவமோ புண்ணியமோ இல்லை. மனிதரிடம் இதே வேறுபாடு பெரும் வேறுபாடாகிறது. நாமோ அதனைக் கவனிப்பதில்லை.

அலுவலக வாயிலில் ஹிஜாபைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே செல்லும் ஒரு சகோதரியை நம் வீடுகளில் எவ்வாறு பேசுகிறோம்? வாடகைக்கு வீடு தேடும்போது பத்து இடங்களில் பெயரைக் கேட்டவுடன் கதவு மூடப்பட்டு, பதினோராவது இடத்தில் பெயரைச் சுருக்கிச் சொன்ன இளைஞரைப் பற்றி ஜமாஅத்தில் என்ன சொல்கிறோம்? "ஈமான் இல்லை", "இரட்டை வேடம்", "முனாஃபிக்". இந்தச் சொற்கள் தேநீர்க் கோப்பையுடன் சேர்ந்து வந்துவிடுகின்றன.

நயவஞ்சகனின் அடையாளங்கள் மூன்று என நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர்: பேச்சில் பொய், வாக்கில் மீறல், அமானிதத்தில் மோசடி. இம்மூன்றையும் நிதானமாக எண்ணிப் பாருங்கள். இவற்றுள் உடை இல்லை, தோற்றம் இல்லை, பெயரும் இல்லை. மூன்றும் ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்குகள். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அல்முனாஃபிகூன் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் நயவஞ்சகர்களை வருணிக்கும்போது, அவர்களின் தோற்றம் காண்போரைக் கவரும் என்றும் அவர்கள் பேசினால் கேட்கத் தோன்றும் என்றும் எச்சரிக்கிறது. எனவே தோற்றத்தில் குறையுள்ளவரைக் கண்டு எழும் நம் சந்தேகம், தோற்றத்தில் நிறைவாக இருப்பவரைக் கண்டு அப்படியே உறங்கிவிடுவது பெரும் விந்தை.

முதல் ஸஃபில் நிற்கிறார். தாடி, தொப்பி, இனிய ஸலாம் எல்லாம் உண்டு. "வட்டி இல்லை, முழுவதும் ஹலால் லாபம்" என்கிறார். கணவனை இழந்த பெண்ணின் சேமிப்பும், மகளின் நிகாஹுக்கென வைத்திருந்த நகையும், வளைகுடாவில் உழைத்தவரின் இருபது ஆண்டு வியர்வையும் அவரிடம் போய்ச் சேர்கின்றன. ரசீது கேட்பவரை, "மார்க்கச் சகோதரரை நம்பாதவரா நீங்கள்?" என்று மற்றவர்களே அடக்கிவிடுகிறார்கள். ஒருநாள் அவர் தொலைபேசி எண் இயங்குவதில்லை. நம் வாசனையை நம்மிடமிருந்தே பெற்று, நம் குழந்தைகளின் உணவை நம் கையிலிருந்தே பறித்தவர் அவர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளவும் கட்டளையிடும் அல்பகராவின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கணக்கும் ரசீதும் கேட்பது சந்தேகப் புத்தி அன்று. அது அந்த வசனத்திற்குக் கீழ்ப்படிதல்.

"அப்படியானால் மார்க்க அடையாளத்தை மறைப்பது கூடும் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு நாம் கூறவில்லை. ஹிஜாப் கடமை என்பதில் மாற்றமில்லை. வேலை போய்விடும் என்ற அச்சமும் மக்காவின் சித்திரவதையும் ஒன்றல்ல. ஒவ்வொருவரின் நிலைக்கும் உரிய சட்டத்தை உலமாக்களிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் பேசுவது தீர்ப்பைப் பற்றி; பிறரின் உள்ளத்தின் மீது நாம் எழுதும் தீர்ப்பைப் பற்றி.

அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்களின் பெற்றோர் யாசிர் (ரலி), சுமைய்யா (ரலி) இருவரும் ஈமானுக்காக உயிர்த்தியாகம் செய்தனர். அம்மார் (ரலி) அவர்களோ தாங்கவொண்ணாத வேதனையில் எதிரிகள் விரும்பிய சொல்லைச் சொல்லிவிட்டு, அழுதவண்ணம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரின் உள்ளம் எவ்வாறிருக்கிறது என்றுதான் வினவினார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டு, உள்ளம் ஈமானில் அமைதி கொண்டிருப்பவருக்கு அந்நஹ்ல் அத்தியாயத்தின் 106ஆம் வசனம் விலக்களித்தது. அதே மக்காவில், அதே வேதனையில், ஒரே இறைவன் என்பதையே மீண்டும் மீண்டும் முழங்கினார்கள் பிலால் (ரலி). பிலாலின் உறுதியைக் காட்டி அம்மாரை எவரும் இழிவுபடுத்தவில்லை. இருவரும் ஒரே சமுதாயத்தின் கண்மணிகளாகவே வாழ்ந்தனர். போர்க்களத்தில் கலிமா சொன்னவரை, அச்சத்தால் சொன்னார் என்று கருதிக் கொன்றுவிட்ட உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களிடம், அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டதும் நாம் அறிந்ததே. நயவஞ்சகர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டிருந்த ஹுதைஃபா (ரலி) அவர்களே அந்த இரகசியத்தைக் காத்தார்கள். பட்டியல் எதுவும் கையில் இல்லாத நாம் தெருவில் நின்று பெயர் வாசிக்கிறோம்.

மறைந்து வாழ்வது சுகமான வாழ்வும் அன்று. சிலந்தியின் உலகிலேயே அதற்குச் சான்று உண்டு. எறும்பைப் போல மெலிந்த உடலால், எறும்புச் சிலந்திகள் மற்றத் தாவும் சிலந்திகளைப் போல நன்றாகத் தாவ இயலாமலும் இரையைத் திறமையாகப் பிடிக்க இயலாமலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எறும்புகளையே இரையாகத் தேடும் வேறு சிலந்திகள், இவற்றையும் எறும்பென்று எண்ணித் தாக்குவதும் உண்டு. ஒரு பகையிலிருந்து காத்த வேடமே மற்றொரு பகையிடம் கொண்டுபோய் விடுகிறது. தன் பெயரை மறைத்து வாழும் இளைஞரும் இவ்வாறே அலுவலகத்தில் அஞ்சுகிறார், தெரிந்துவிடுமோ என்று. மஸ்ஜிதில் அஞ்சுகிறார், தெரிந்துவிட்டதோ என்று. இரு இடத்திலும் தாவ முடியாத அவருக்கு நாம் மூன்றாவது வேட்டைக்காரராக வேண்டுமா?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை உள்ளன. வீடு வைத்திருக்கும் நம்மவர் வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முன்வந்து வாடகைக்குத் தரலாம். பணியிடத்தில் இடர்ப்படும் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை கிடைக்க, ஊரில் உள்ள வழக்கறிஞர்களை மஸ்ஜித் நிர்வாகம் அணுகலாம். மாதத்தில் ஒரு நாளேனும், எவரும் தம் இக்கட்டை ஆலிமிடமோ ஆலிமாவிடமோ தனிமையில் சொல்ல வழி செய்யலாம். பணம் திரட்டுவோர் எவராயினும் எழுத்தும் கணக்கும் இன்றி மஸ்ஜித் வளாகத்தில் பேசக்கூடாது என்று விதி வகுக்கலாம். அஞ்சுபவரின் அச்சம் குறைந்தால் மறைக்கும் தேவையும் குறையும்.

குடும்பங்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் டாக்ஸியஸ் மேக்னஸ் என்னும் எறும்புச் சிலந்தியை ஆராய்ந்தவர்கள் 2018இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். அதன் தாய் தன் உடலிலிருந்து பால் போன்ற திரவத்தைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அதில் பசும்பாலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு புரதம் உள்ளது. முதல் 20 நாள்கள் குஞ்சுகளுக்கு வேறு உணவே இல்லை. வெளியே எறும்பாய்த் தோன்றும் அந்த உயிர், தன் கூட்டுக்குள் தன் பிள்ளைகளுக்குத் தாயாகவே இருக்கிறது.

வெளியுலகின் நெருக்கடி எதுவாயினும், வீட்டுக்குள் நம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டியதை ஊட்டாமல் விட அது காரணமாகாது. மாலையில் ஓதும் குர்ஆன், சேர்ந்து தொழும் இஷா, அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி), அம்மார் (ரலி), சுமைய்யா (ரலி) ஆகியோரின் வரலாறு இவை அந்தப் பால். "நீ யார்" என்பதை வீட்டில் தெளிவாக அறிந்த பிள்ளை வெளியே ஒருநாள் அஞ்சினாலும் மற்றொரு நாள் நிமிர்ந்து நிற்கும். அதனை அறியாத பிள்ளைக்கு வேடமே உடலாகிவிடும்.

அடுத்த முறை "முனாஃபிக்" என்ற சொல் நாவின் நுனிக்கு வரும்போது, அவர் எவரிடமிருந்து எதைப் பறித்தார் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். எதையும் பறிக்கவில்லையெனில், அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அவருக்கு ஸலாம் சொல்வோம். அல்லாஹ் நம் நாவுகளையும், நம் அமானிதங்களையும், அச்சத்தில் வாழும் நம் பிள்ளைகளையும் காப்பானாக! நம் உள்ளங்களை நயவஞ்சகத்திலிருந்து தூய்மையாக்குவானாக! ஆமீன்.