கறுப்பு எங்கே போயிற்று?

கோவில்பட்டிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் தம்பி வண்டிப் பந்தயத்துக்கென்று ஒரு குதிரை வளர்க்கிறான். வாங்கும்போது மை மாதிரி கறுப்பு. இப்போது சாயம் போன புடவை மாதிரி செம்பட்டை பாய்ந்துவிட்டது. நிறம் திரும்பும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கித் தீனியில் கலக்கிறான். வீட்டு மளிகைச் செலவில் பாதி அதற்கே போகிறது. தீனியால் நிறம் வருமா?"

'குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கண்ணாடி முன் நின்று நரைமுடியை எண்ணி, புதுத் தைலப் பாட்டிலைத் தேடாதவர் நம்மில் எத்தனை பேர்? விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் சுருக்கமாகப் பதில். பிறவியில் இல்லாத நிறத்தை எந்தத் தீனியும் கொண்டுவராது. பிறவியில் இருந்து, இடையில் மங்கிய நிறம் சில சமயம் தீனியால் திரும்பும். மாணிக்கவாசகருக்காக இறைவன் நரியைப் பரியாக்கினான். அந்தப் பரிகளே ராத்திரி பழையபடி நரிகளாகி ஊளையிட்டன என்று புராணம் சொல்கிறது. அப்படியிருக்க, டப்பாப் பவுடர் எம்மாத்திரம்?

குதிரையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வெள்ளைக் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். உலகத்தில் நாம் பார்க்கும் வெள்ளைக் குதிரைகளில் பல, குட்டியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தவைதாம். வருஷம் ஏற ஏற நரைத்து வெளுக்கின்றன. அது பரம்பரை நரை. அதைத் தடுக்க மருந்து இல்லை.

சகோதரியின் தம்பி வீட்டுக் குதிரை நரைக்கவில்லை, செம்பட்டை பாய்கிறது. அதற்கு முதற் காரணம் கோவில்பட்டி வெயில். வெயிலும் வியர்வை உப்பும் சேர்ந்தால் கறுப்பு மயிர் வெளுக்கும். நிழலில் உலர்த்த வேண்டிய சேலையை மொட்டை மாடியில் போட்ட கதைதான்.

இரண்டாவது காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. மயிருக்குக் கறுப்பு கொடுக்கும் பொருளை உடம்பு தயாரிக்கத் தாமிரச் சத்து கொஞ்சம் வேண்டும். மயிரும் தோலும் நன்றாக வளரத் துத்தநாகமும் வேண்டும். கரிசல் மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகின்றன. ஆனால் அந்த மண்ணில் சுண்ணாம்பும் காரமும் அதிகம். மண்ணில் துத்தநாகம் இருந்தாலும், பெட்டியில் பூட்டிய நகை மாதிரி, பயிருக்கு எட்டுவது குறைவு. அங்கே விளைந்த காய்ந்த தட்டையை மட்டும் மாதக் கணக்கில் தின்னும் பிராணிக்கு இந்தச் சத்துக்கள் குறைந்துபோனால் ஆச்சரியமில்லை. பச்சைப் புல்லும் இல்லாவிட்டால் வைட்டமின் 'ஏ'யும் குறையும். மழை பெய்து புல் முளைத்ததும் குதிரை மினுமினுப்பதன் ரகசியத்தில் ஒரு பங்கு இதுதான்.

குதிரைக்கு என்ன போடுவது என்ற குழப்பம் நமக்குப் புதிதல்ல. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில், 13-ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் அது. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று வாசாப் என்ற பாரசீக ஆசிரியர் எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயில் பக்குவப்படுத்திய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம்! 1290-களில் இங்கே வந்த மார்க்கோ போலோவோ, சோற்றையும் வேகவைத்த மாமிசத்தையும் போட்டார்கள் என்கிறார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் மாண்டுபோயின என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். பொன் கொடுத்து வாங்கி, விருந்து வைத்தே கெடுத்திருக்கிறார்கள். பிரியத்தில் குறைவில்லை; புல் தின்னும் பிராணி என்பதுதான் மறந்துபோயிற்று.

இதைவிடத் துயரமான கதை ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. ஃபார் லாப் என்று ஒரு செந்நிறக் குதிரை. 1930-ல் மெல்போர்ன் கோப்பையை வென்று, அந்த நாட்டு ஜனங்களின் செல்லப் பிள்ளையாயிற்று. 1932 ஏப்ரலில் கலிபோர்னியாவில் திடீரென்று இறந்தது. பல வருஷம் கழித்து, பாடம் செய்து வைத்திருந்த தோலிலிருந்து சில மயிர்களை எடுத்துச் சோதித்தார்கள். சாவதற்குச் சற்று முன்னால் நிறையப் பாஷாணம் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அவை சொல்லின. யாராவது வைத்த விஷமா, கை தவறிய டானிக்கா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: பசி எடுக்கவும் மேனி பளபளக்கவும் குதிரைக்குப் பாஷாணம் கலந்த டானிக் கொடுப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். பளபளப்பு வரத்தான் செய்தது. பளபளப்பெல்லாம் ஆரோக்கியம் அல்ல.

ஆகவே சகோதரி தம்பியிடம் சொல்ல வேண்டியவை இவை.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு இருக்கிறதா என்று பார்க்கட்டும். பூச்சி இருந்தால் போடும் சத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும். மங்கிய மேனி அதன் முதல் அடையாளம்.

தீனியில் பெரும் பங்கு புல்லாக இருக்கட்டும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். கிடைக்கும்போது அறுகம்புல் மாதிரிப் பச்சைப் புல் சேர்க்கலாம். இளஞ்சோளப் பயிர் மட்டும் வேண்டாம். அதில் விஷம் உண்டு. கொள்ளை ஊறவைத்து அளவாகக் கொடுக்கலாம். தவிட்டையே நம்பியிருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முகத்து எலும்பு வீங்கிவிடும். பருத்திக்கொட்டை மாட்டுக்கு அமிர்தம். அதே அளவு குதிரைக்கு ஆகாது.

மினுமினுப்புக்கு எண்ணெய் நல்லது. தீனியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுத் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் மெள்ள மெள்ள அரை ஆழாக்குக்குக் கொண்டு போகலாம். தினமும் உடம்பைத் தேய்த்துவிட்டால் தோலில் ஊறும் எண்ணெயே மயிர் முழுவதும் பரவும். ஓடி வந்ததும் வியர்வையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உச்சி வெயிலில் நிழலில் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் டப்பா வேண்டியதில்லை.

தாமிரமும் துத்தநாகமும் தேவையா என்று மருத்துவர் சொல்லட்டும். இரண்டும் ஓர் அளவுக்குள் இணைந்து இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் மற்றது குறையும். இன்னொரு எச்சரிக்கை. கரிசல் காட்டு வீட்டில் குதிரை இருந்தால் பக்கத்திலேயே செம்மறி ஆடும் இருக்கும். குதிரை மிச்சம் வைத்த தாமிரத் தீனியை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அது ஈரலில் சேர்ந்து ஆட்டைக் கொன்றுவிடும். அதேபோல் கோழித் தீவனத்தைக் குதிரைக்கு வைக்க வேண்டாம். சில தீவனங்களில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரைக்கு எமன்.

கடைசியாகப் பொறுமை. வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்ற இழை. இன்று போடும் தீனி அதைக் கறுப்பாக்காது. இனி முளைக்கும் மயிரில்தான் பலன் தெரியும். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். 'பத்தே நாளில் நிறம்' என்று யாராவது சொன்னால், அந்த டப்பாவில் என்னதான் இருக்கிறது என்று கேளுங்கள். சேர்மானம் அச்சிடாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நம் கூந்தலுக்கும் இதே நியாயம்தான். பரம்பரையில் வந்த நரையைப் பாட்டில் தடுக்காது. சத்துக் குறைவால் வந்த மங்கலைச் சாப்பாடு ஓரளவு சரி செய்யும். மேனி என்பது வயிறு எழுதும் கடிதம். எழுத்து மங்கினால் தாளுக்கு மை பூசிப் பயனில்லை. எழுதுகிறவரைக் கவனிக்க வேண்டும். தம்பியிடம் இந்த மாதம் பவுடர்ப் பணத்தைக் கேட்டு வாங்கிப் பாதிக்குப் புல்லும், மீதிக்கு வீட்டு மளிகையும் வாங்குங்கள், அம்மா. குதிரையும் குடும்பமும் சேர்ந்தே மினுமினுக்கட்டும்.