"தினமும் 45 நிமிடம் நடக்கவும்": இது பிளானே இல்லைங்க

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. சில பேருக்குக் கோபம் வரும், என்னோட சக மருத்துவர்கள் உட்பட. பரவாயில்லை.

மருந்துச் சீட்டுக்கு அடியில நாங்க ஒரு வரி எழுதுவோம்: "தினமும் 45 நிமிடம் நடக்கவும்." நானும் பல வருஷம் எழுதியிருக்கேன். அதோட எங்க கடமை முடிஞ்சது. அடுத்த மாசம் சுகர் குறையலைன்னா தப்பு உங்க மேல. "நடக்கச் சொன்னேனே, நடந்தீங்களா?" நீங்க தலையைக் குனிவீங்க. நாங்க ஒரு மாத்திரையைக் கூட்டுவோம்.

பாபநாசம் பக்கத்திலிருந்து வர்ற ஒரு விவசாயி (அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்). ஐம்பதைத் தாண்டினவர். மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 9.4. வர்றப்ப எல்லாம் என்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போவார். ஒரு பிப்ரவரி மாசம் கூட வந்த அவர் வீட்டம்மா கேட்டாங்க: "எப்பங்கய்யா நடக்கச் சொல்றீங்க? நெல்லு கொள்முதல் நிலையத்துல கெடக்கு. மூணு ராத்திரியா தார்ப்பாயைப் போத்திட்டு அங்கேயே காவல் கெடக்காரு." என்கிட்ட பதில் இல்லை.

ஜனவரி 1 சபதம் யாரோட காலண்டர்னு யோசிங்க. நமக்கு ஜனவரி, பிப்ரவரின்னா சம்பா, தாளடி அறுவடை. அறுப்பு மெஷின் ராத்திரி வருமா, விடிஞ்சு வருமா, யாருக்கும் தெரியாது. ஜூன் 12 மேட்டூர் திறந்துட்டா குறுவை, முறைத் தண்ணிக்கு நடு ராத்திரியில மடைக்குப் போகணும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழை. ஏப்ரல், மே வெயில் சொல்லவே வேண்டாம். இதுல "தினமும் காலை 5.30" பிளான் வருஷத்துல எத்தனை மாசம் உயிரோட இருக்கும்? 'சோம்பேறி'ன்னு பட்டம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பார்க்க வேண்டாமா?

எனக்கும் யோக்கியதை இல்லை. ஒரு ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டி 19 நாள் போனேன். டியூட்டி மாறிச்சு, பிளான் செத்துப்போச்சு.

"வயல்ல உழைக்கிறவனுக்கு எதுக்கு டாக்டர் உடற்பயிற்சி?" இதுவும் பழைய கதை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், நடவுக்கும் மெஷின் வந்தாச்சு. வரப்புல நடந்து தண்ணி பார்த்த ஆள், இன்னிக்கு டிவிஎஸ் 50-ஐ ரோட்டோரம் நிறுத்தி உட்கார்ந்தபடியே பார்த்துட்டுத் திரும்புறார். குனிஞ்சு நிமிர்றது கூலிக்கு வர்ற பெண்கள்தான், அதுவும் சீசன்ல சில வாரம். உழைப்பு குறைஞ்சது, தட்டுல சோறு குறையலை. நானும் இந்த மண்ணுதான், எனக்கும் அதே தட்டுதான். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல.

அடுத்து இந்த '10,000 ஸ்டெப்ஸ்'. 1965-ல் ஜப்பான்ல ஒரு கம்பெனி நடையை எண்ணுற கருவி வித்தது. பேரு 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். அந்த வியாபாரப் பேருதான் இன்னிக்கு உங்க கையில கட்டியிருக்கிற வாட்சுல வேதவாக்கு. 2019-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு, சராசரி வயசு 72, பெண்கள் 16,000 பேருக்கு மேல. நாளுக்கு 4,400 அடி நடந்தவங்ககிட்டயே, 2,700 அடி நடந்தவங்களை விட இறப்பு குறைவா இருந்தது. 7,500-க்கு மேல பெருசா கூடுதல் பலன் தெரியலை.

நம்ம அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிச்சது. நல்ல திட்டம். ஆனா ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்துலேருந்து ஒருத்தர் நடக்கிறதுக்காக பஸ் ஏறி வரமாட்டார்.

நடக்கிறதே வீண்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற எல்லைக்கோட்டுல இருந்த 531 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல 3 வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடைன்னு ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லி, தொடர்ந்து விசாரிச்சுக்கிட்டே இருந்த குழுவுல 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை குழுவுலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சீட்டுல ஒரு வரி எழுதுறதுக்கும் கூடவே இருந்து கேக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் இது.

சரி, என்ன பண்ணலாம்? கடிகாரத்தை விடுங்க, சாப்பாட்டைப் பிடிங்க. குறுவையோ மழையோ அறுவடையோ, ராத்திரி சாப்பிடாம இருக்கப்போறதில்ல. சாப்பிட்டுக் கை கழுவினதும் 10 நிமிஷம் நடங்க. 2016-ல் நியூசிலாந்துல 41 சர்க்கரை நோயாளிகளை வெச்சுப் பார்த்தாங்க. எப்பவாவது ஒரே மூச்சா 30 நிமிஷம் நடக்கிறதை விட, மூணு வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிஷம் நடந்தப்ப சாப்பாட்டுக்குப் பிந்தின சுகர் 12 சதவீதம் குறைவு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 22 சதவீதம். ராத்திரியும் சோறு சாப்பிட்டு அப்படியே சீரியல் முன்னாடி உட்கார்ற நமக்கு இதை விட பொருத்தமான ஆய்வு வேணுமா?

ரெண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம். வாரத்துக்கு 140 நிமிஷம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் கேக்குறதே குறைஞ்சது 150 தான். வேகம்? பேச முடியணும், பாட முடியக்கூடாது.

உங்களோட ரொம்ப மோசமான நாள்ல எவ்வளவு முடியுமோ, அதுதான் பிளான். ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம். நல்ல நாள்ல கூட நடந்தா லாபம். மழைன்னா எங்கே நடப்பீங்கன்னு இன்னிக்கே முடிவு பண்ணுங்க: திண்ணையா, ஹாலா, மாட்டுக் கொட்டகையா.

வாரம் ரெண்டு நாள் தசைக்கும் வேலை வேணும். நாற்காலியிலேருந்து கையை ஊனாம எழுந்து உட்காருங்க, பத்துத் தடவை. சுவத்துல கையை ஊனித் தள்ளுங்க, பத்துத் தடவை. சோறு கொதிக்கிற நேரம் போதும். ஆம்பளைங்களும் அடுப்பங்கரைக்கு வரலாம், தப்பில்ல.

அக்காமார்களே, உங்க கஷ்டம் வேற. தெரு விளக்கு எரியாது, நாய் துரத்தும், எதிர்வீட்டுக்காரங்க "எங்க கிளம்பிட்ட?"ம்பாங்க. மொட்டை மாடி, கொல்லைப்புறம் எதுவானாலும் சரி. அந்த 10 நிமிஷம் பாத்திரம் யார் கழுவுறதுங்கறதையும் பிளான்ல எழுதி வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க.

ஒரு நாள் விட்டுப்போச்சா? மறுநாள் நடங்க, அவ்வளவுதான். லண்டன்ல 96 பேரை வெச்சு நடந்த ஆய்வுல, ஒரு பழக்கம் ஒட்டிக்க 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் ஆச்சு. இடையில ஒரு நாள் தவறினதால பெருசா ஒண்ணும் கெடலை. '21 நாள் சேலஞ்ச்' விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

முக்கியமா ஒண்ணு. நடக்கும்போது நெஞ்சுல அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தா நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க. இன்சுலின் போடறவங்க பையில சர்க்கரையோ மிட்டாயோ வெச்சுக்கங்க. கால் மரத்துப்போனவங்க வெறுங்காலோட வரப்புல நடக்கவே கூடாது, எம்.சி.ஆர். செருப்பு போடணும். ஒரு முள்ளு குத்தி, தெரியாம போய், விரலை எடுத்தவங்களை நிறைய பார்த்துட்டேன்.

அந்தப் பாபநாசத்துக்காரர்? அடுத்த வருஷ அறுவடையில கொள்முதல் நிலையத்துலயே, சாப்பிட்டு முடிச்சதும் தன்னோட நெல்லுக் குவியலைச் சுத்திச் சுத்தி நடந்திருக்கார். "பக்கத்துல காவல் இருந்தவங்க பைத்தியம்னு நினைச்சாங்க டாக்டர், ரெண்டாம் நாள் ரெண்டு பேரு சேர்ந்துக்கிட்டாங்க"ன்னார். இப்ப 7.8. மாத்திரையும் மாத்தியிருக்கேன், அதனால முழுப் பெருமையையும் நடைக்குக் கொடுக்க மாட்டேன்.

கீழே எழுதுங்க: எந்த வேளை சாப்பாட்டுக்கு அப்புறம், எங்கேருந்து எங்கே வரைக்கும், மழை பெஞ்சா எங்கே. 'நாளைலேருந்து' மட்டும் எழுதாதீங்க.