சங்கக் கணக்கும் கணினிச் சட்டகமும்

சங்கக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் பேச்சு இப்போது நீலகிரித் தேயிலைச் சங்கங்களிலும், சமவெளியிலுள்ள நெசவாளர் சங்கங்களிலும் ஒருங்கே எழுந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒரு திட்டத்துக்கு இசைவளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். அத்திட்டம் கடன் சங்கங்களுக்கானது. பசுந்தேயிலை வாங்கும் சங்கத்துக்கும், நூல் கொடுத்துத் துணி வாங்கும் சங்கத்துக்கும் வேண்டிய படிவங்கள் வேறு. அவற்றைச் சங்கமே சமைத்துக்கொள்ளலாகாதா என்ற கேள்வி நியாயமானதே.

சமைத்துக்கொள்ளலாம் என்பதே எமது அபிப்பிராயம். முன்னாளில் ஒரு சங்கத்துக்கெனத் தனியே மென்பொருள் எழுதுவிப்பது பெருஞ்செலவும் நெடுங்காலமும் பிடிக்கும் காரியமாயிருந்தது. இன்று விரைவு ஆக்கச் சட்டகங்கள் என்னும் சாதனங்கள் வந்துள்ளன. நெசவாள அன்பர்களுக்குச் சொல்வதாயின், தறியும் அச்சும் விழுதும் பூட்டிய நிலையிலேயே கிடைக்கின்றன. பாவை ஏற்றி, வேண்டிய கரையை நெய்துகொள்வதே நமது வேலை. அங்கத்தினர் எண், கொள்முதல் நிலையம், தேதி, மொத்த எடை, ஈரத்துக்கான கழிவு, நிகர எடை என்று நமக்கு வேண்டிய கட்டங்களைக் குறித்துக் கொடுத்தால், படிவத்தையும் பட்டியலையும் அறிக்கையையும் சட்டகமே ஆக்கித் தந்துவிடுகிறது. அலுவலகக் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவியில் அதனைத் திறந்து எழுதலாம்.

இத்துறையில் நம் நாட்டுச் சரக்கே இரண்டு உள்ளன. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கிரியேட்டர்’ ஒன்று. மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கி வளர்த்த ‘ஃபிராப்பே’ மற்றொன்று. முன்னது சந்தா கட்டி அந்நிறுவனத்தின் கணினிகளிலேயே நடத்துவது. குடிக்கூலிக்கு வீடு பிடிப்பதைப் போன்றது. பின்னது கட்டற்ற மென்பொருள். உரிமத்துக்கு விலையில்லை, ஆயின் அதை நிறுவிப் பேணும் பொறுப்பும் செலவும் நம்முடையவை. எதைக் கொள்வது என்பது சங்கத்தின் கையிருப்பையும், அங்குள்ள ஊழியர்களின் பயிற்சியையும் பொறுத்தது. அதில் நமக்குப் பிடிவாதம் இல்லை.

நாம் பிடிவாதம் கொள்வது வேறொன்றில். கட்டபெட்டுச் சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயி இன்று இலையை நிறுத்துக் கொடுக்கிறார். அம்மாதத்து இலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் பின்னரே அறிவிக்கிறது. இலை சென்ற நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே, அவருடைய உழைப்பு ஓர் எண்ணாக மட்டுமே சங்கத்தில் தங்கியிருக்கிறது. அந்த இடைக்காலத்தில் 47 கிலோ 41 ஆகிவிட்டால், அவர் அதை எங்ஙனம் அறிவார்? 1965-ஆம் ஆண்டில் அமைந்த இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழுள்ள ஆலைகளை மட்டும் கொண்டாலும் சுமார் 30,000 சிறு விவசாயிகளின் கணக்கு இவ்விதமே நிற்கிறது. நெசவாளருக்குக் கொடுத்த நூலின் எடையும் அவ்வாறே.

காகிதப் பேரேட்டில் திருத்தினால் தழும்பு தெரியும். தணிக்கைக்கு அமர்ந்ததும் எமது கண் முதலில் நாடுவது அடித்தல் திருத்தல்களைத்தான், கூட்டுத்தொகை பிறகு. அண்மையில் ஒரு சங்கத்தில் இளம் எழுத்தர் ஒருவர் இரண்டே நாளில் சமைத்த எடைப் பதிவேட்டைக் கண்டோம். பார்வைக்கு அழகு, கூட்டலில் பிழையில்லை. ஓர் அங்கத்தினரின் எடை திருத்தப்பட்டதாகச் சொன்னார்கள். முதலில் எழுதிய எடை யாது என்று வினவினோம். விடையில்லை. புதிய எண் பழைய எண்ணை விழுங்கிவிட்டிருந்தது.

ஃபிராப்பேயில் இதற்குப் பரிகாரம் உண்டு. ஒரு பதிவு வரைவாக இருக்கும்வரை திருத்தலாம். சமர்ப்பித்தபின், நாமே விலக்களித்த கட்டங்கள் தவிர மற்றவற்றில் கை வைக்கவியலாது. பிழையிருப்பின் அப்பதிவை ரத்துச் செய்து, பழைய எண்ணுடன் தொடர்பு காட்டும் புதிய பதிவு போடவேண்டும். ரத்தானதும் கூடவே நிற்கும். நல்ல காரியதரிசி ஒருவர் சிவப்பு மையால் அடித்துக் கையொப்பமிடுவதும் இதுவும் ஒன்றே. ஆனால் இவ்வசதி தானே வந்து அமர்வதில்லை. படிவத்தை ஆக்கும்போது, ‘சமர்ப்பிக்கத்தக்கது’ என்ற கட்டத்தில் ஒருவர் குறியிட்டாக வேண்டும். அவசரத்தில் விடப்படுவதும் அதுவே. மேலும், நீக்கும் உரிமை கொடுக்கப்பட்டவர் ரத்தான பதிவை அடியோடு அகற்றிவிடவும் கூடும். ஆகவே எடை போடுபவருக்கும் எழுத்தருக்கும் எழுதும் உரிமை போதும். நீக்கும் உரிமை எவருக்கும் வேண்டாம். யாவற்றையும் மாற்றவல்ல தலைமைக் கடவுச்சொல் ஒன்று உண்டு. அதனைப் படிவம் ஆக்கியவர் கையிலேயே விட்டுவைப்பது, இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டி செய்த கொல்லரிடம் விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

“இத்தனை கெடுபிடி இருந்தால் வேலை ஓடாது” என்பர் காரியதரிசிகள் சிலர். அதிலும் உண்மையில்லாமல் இல்லை. நான்கு வண்டி இலை ஒருசேர வந்து இறங்கும் மாலையில் தவறு நேராதிருக்குமா? அதற்குத்தான் வரைவு நிலை. அன்றிரவுக்குள் சரிபார்த்துச் சமர்ப்பிக்கலாம்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் மின்சாரமும் போகும், இணைப்பும் போகும். உலாவியில் எழுதுவது அத்துடன் நிற்கும். எனவே எடைத் துண்டுச் சீட்டை ஒழிக்கலாகாது. கார்பன் தாள் வைத்து எழுதிய இரு பிரதிகளில் ஒன்று விவசாயியிடமே இருக்கட்டும். மாத முடிவில் அவர் தம் சீட்டுகளைக் கணினிப் பட்டியலோடு ஒப்பிட உரிமை உண்டென்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடவேண்டும்.

சட்டகம் வாங்கவோ நிறுவவோ எண்ணும் சங்கங்கள், விலைப்புள்ளி கோருமுன் பொதுப்பேரவையில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றிக்கொள்ளுதல் நன்று. தலைமைக் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் யார் வைத்திருப்பது என்பது ஒன்று. மாதந்தோறும் முழுத் தரவின் பிரதியை எடுத்து, சங்கத்துக்கு வெளியே எங்குப் பத்திரப்படுத்துவது என்பது மற்றொன்று. வாடகைச் சட்டகமாயின், சந்தா நின்றபின் தரவை எவ்வடிவில், எத்தனை நாளுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.