வால்வு அரைத்த கைகளுக்குப் பத்திரம் வேண்டும்

இயந்திர வேலை என்றால் எம்மவரிடையே இன்றும் ஓர் ஏளனம் இருக்கவே செய்கிறது. எண்ணெய்க் கை, கறுத்த நகம் என்று பேசிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் திரும்பவிடாது காக்கின்ற பெற்றோர் பலரை நாம் அறிவோம். சிலிண்டர் ஹெட் ஒன்றின் வால்வு சீற் சீர்செய்யப்படுவதை அவர்கள் ஒருதடவை அருகிருந்து பார்த்தால், தமது எண்ணத்தை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பது எமது துணிபு.

வால்வும் அது வந்து அமரும் சீற்றும் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி இயந்திரத்தில் அமுக்கம் நிற்காது. வெளியேற்று வால்வு கடுமையாகக் காய்கின்ற ஒன்று. மூடியிருக்கும் சொற்ப கணத்தில் தனது வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீற்றின் வழியாகவே ஹெட்டுக்குக் கடத்துகிறது. மயிரிழை நீங்கல் இருந்தாலும் சுடுவாயு அவ்வழியே பீறி வால்வின் விளிம்பை எரித்துவிடும்.

சீர்செய்யப் புகுபவர் முதலிற் பார்க்கவேண்டியது சீற்றை அன்று. வால்வின் தண்டு ஓடுகின்ற கைட் குழலையே. வெட்டுக்கருவியின் பைலட் தண்டு அதற்குள்தான் நிற்கிறது. கைட் தேய்ந்திருக்கச் சீற்றை வெட்டினால் மையம் தவறிப்போகும். பின்னர் சீற்றின் முகத்தை 45 பாகையில் வெட்டி, எரியறைப் பக்கத்தை 30 பாகையாலும் தொண்டைப் பக்கத்தை 60 பாகையாலும் ஒடுக்கி, ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கொண்டுவருவர். அகலம் குறைந்தால் வெப்பம் கடத்தப்படாது. கூடினால் கரித்துகள் நசுங்காமற் சிக்கிக்கொள்ளும். நீலச் சாயம் பூசி வால்வைப் பதித்துப் பார்க்கையில் வளையம் அறாது தெரியவேண்டும். குழிவிழுந்த சீற்றில் அரைபசையை மட்டும் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டுச் சீர்செய்ததாகச் சொல்பவர்களும் உளர். அது வால்வின் முகத்தையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை என்பதே எமது கருத்து.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. கரி படியும், ஒயில் நீர்த்துப்போகும், வால்வு கசியும். உதிரிப்பாகம் வராத ஊரில் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டி, வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்து மீண்டும் பூட்டியவர்கள் எமது தொழிலாளர்கள். அவர்களிற் பலர் பின்னர் ஐரோப்பிய உணவகங்களிற் கோப்பை கழுவினார்கள்.

வேடிக்கை என்னவெனில், அதே பழங்கார்களுக்கு ஐரோப்பாவிலும் வால்வு நோய் வந்தது. அவற்றின் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீற் வெட்டப்பட்டிருந்தது. பெற்றோலில் இருந்த ஈயமே அதற்குக் காப்பாக அமைந்தது. 2000 ஆம் ஆண்டுடன் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயப் பெற்றோல் பொதுவிற்பனையிலிருந்து நீங்க, வேகமாக ஓடும் பழைய இயந்திரங்களில் வால்வு இரும்புக்குள் அமிழத் தொடங்கியது. ரப்பற் இடைவெளி குறைந்து, ஈற்றில் வால்வு மூடாமலே நிற்கும். பள்ளம் கடைந்து, ஹெட்டைச் சூடாக்கி, கடின உருக்கு வளையத்தைக் குளிர்த்தி இறக்குவதே இதற்குப் பரிகாரம். பழங்கார் விரும்பிகள் இதற்குப் பணம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார்கள். வேலை உண்டு, கையும் உண்டு, பத்திரம்தான் இல்லை.

ஆனால் பத்திரத்துக்கு வழியே இல்லையென்று சோர்ந்திருப்பது தவறு. யேர்மனியில் வாகன மெக்கற்றோனிக்கர் பயிற்சி மூன்றரை ஆண்டு. அதன் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலைச் செய்தவர், பயிற்சிக்குச் செல்லாமலே இறுதிப் பரீட்சைக்கு அனுமதி கேட்கலாம். வெளிநாட்டில் உழைத்த காலமும் கருத்திற் கொள்ளப்படவேண்டும் என்று சட்டமே கூறுகிறது. பிரான்சில் 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்க வழிசெய்தது. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட இளைஞருக்கும், யேர்மனியில் 2016 முதல், சில நிபந்தனைகளுடன் தொழிற்பயிற்சி முடியும்வரை தங்கும் உரிமை உண்டு. விசாக் கவலையில் உறங்காத குடும்பங்கள், "மெக்கானிக் வேலையா?" என்று முகஞ்சுளிக்குமுன் இதனைச் சிந்திக்கவேண்டும்.

பத்திரமின்றிப் பின்வளவிற் களவாகச் செய்யும் வேலையை நாம் ஆதரிக்கவில்லை. அங்கே காயப்பட்டவர் காப்புறுதி கேட்கவும் அஞ்சுவார், கூலி கேட்கவும் அஞ்சுவார்.

பரீட்சையில் எம்மவரைத் தடுக்கப்போவது கையன்று, மொழியே. வென்ரில், சிலிண்டர்கோப், டிச்ருங் என்ற சொற்களைக் கற்பிக்க எமது சங்கங்கள் வாரம் இரு மாலைப்பொழுதுகளை ஒதுக்கலாம். நடன வகுப்புக்கு எடுக்கும் மண்டபமே இதற்கும் போதும்.