வேனில் விட்டு வந்த பை

போன தை மாதம் நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்கு வாடகை வேனில் வெளியூர் போயிருந்தோம். "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, டிரைவர்தான் இருக்காரே" என்று பையை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அந்தப் பிள்ளையும் பசி தாங்காமல் பந்திக்கு வந்துவிட்டான். திரும்பிப் போய்ப் பார்த்தால், ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. பையைக் காணோம். இரண்டு பட்டுப்புடவை, குழந்தையின் வெள்ளிக் கொலுசு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, எல்லாம் போயிற்று.

"போனது போகட்டும், கல்யாண வீட்டில் போலீஸ் எதுக்கு?" என்றார் இவர். டிரைவரோ, "கண்ணாடிக் காசை ஓனர் என் சம்பளத்திலேதான் பிடிப்பாரும்மா" என்று அழாத குறை. எனக்கு மனசு கேட்கவில்லை.

சம்பந்தி வீட்டு வக்கீல் மாமாவிடம் கேட்டேன். "இது சில்லறைத் திருட்டு இல்லேம்மா" என்றார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயணிகளையோ சரக்கையோ ஏற்றுகிற வண்டியிலிருந்து திருடினால் 305-வது பிரிவு. 7 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. கண்ணாடியை உடைத்தது தனிக் குற்றம்: 6 மாதம் வரை சிறை, சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் 2 வருஷம் வரை போகலாம். திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினவருக்கும் 3 வருஷம் வரை உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாசலில் வாங்கும் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரவேண்டும். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

இவரையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தேன். கொலுசு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்த நகலை வைத்து ஓனர் இன்ஷூரன்ஸில் கண்ணாடிக்குப் பணம் வாங்கிவிட்டார். அந்தப் பிள்ளையின் சம்பளம் தப்பியது.

சகோதரிகளே, வண்டியை விட்டு இறங்கும்போது பையைக் கையோடு எடுங்கள். மாமியாரின் மாத்திரையை மட்டும் எப்போதும் இடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அதற்காக ஊரெல்லாம் மருந்துக்கடை தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்!